மாவு மீந்தால் என்ன ஆகும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி வாத்தியார்கள் எழுதியவை. மீதி, வாத்தியார்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் எழுதியவை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 11 வருடம் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்தேன். அப்புறம் 19 வருடம் மாலை நேர எம்.பி.ஏ. வகுப்பில் மேனேஜ்மென்ட் சயின்ஸ், அதாவது நிர்வாக முடிவுகளைக் கணக்குப் போட்டு எடுக்கும் பாடம், சொல்லிக்கொடுத்தேன். இப்போது குரோம்பேட்டை வீட்டில் உட்கார்ந்து உங்கள் கடிதங்களைப் படிக்கிறேன்.

கேள்வி: தனியார் கல்லூரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (அதே மாதிரி, முடிவெடுக்க உதவும் கணக்குப் பாடம்) நடத்துகிறேன். அதிக லாபம், குறைந்த செலவு தேடும் சிம்ப்ளக்ஸ் முறையின் அட்டவணையை என் மாணவர்கள் கையாலேயே பிழையில்லாமல் போட்டுவிடுவார்கள். ஆனால், நம் கல்லூரி பஸ்களை எந்தெந்த வழியில் விடலாம் என்று கேட்டால் பேனாவை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். தவறு எங்கே?
– உதவிப் பேராசிரியர், தாம்பரம்

அந்தத் தச்சரிடம் இருக்கிறது சார். எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருவாரே, மேசையும் நாற்காலியும் செய்கிறவர். மேசைக்கு இத்தனை மணி நேரம், நாற்காலிக்கு இத்தனை அடி மரம், லாபம் இவ்வளவு என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, எத்தனை செய்யட்டும் என்று மட்டும் நம்மைக் கேட்பவர். அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. நிஜத் தச்சரிடம் ஒரு நாற்காலிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுப்பாருங்கள். "யாருக்கும்மா?" என்பார். அந்த பதிலிலிருந்து கணக்கை எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் உங்கள் மாணவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் அவர்கள் கண் முன்னால் அதைச் செய்ததில்லை. நாமும் முந்தின நாள் ராத்திரி வீட்டில் போட்டுப்பார்த்த கணக்கைத்தான் மறுநாள் பலகையில் எழுதுகிறோம்.

என் முதல் வகுப்பில் புத்தகம் கிடையாது. பலகையில் ஒரே ஒரு கேள்வி: "செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியிருக்கிறது. வேறு எங்கிருந்தும் ஒரு சொட்டு வராது. சென்னைக்கு எத்தனை நாள் தண்ணீர்?" எல்லோரும் ஒரு துண்டுச் சீட்டில் தங்கள் ஊகத்தை எழுதி மடித்துத் தர வேண்டும். ஒருமுறை வந்த ஊகங்களில் மிகக் குறைந்தது 12 நாள், மிக அதிகம் 3 வருடம். அப்புறம் நான் போடுவேன். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, சுமார் 10,300 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 103 நாள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

"சரி, இதில் என்ன தப்பு?" என்று கேட்பேன். வகுப்பு கப்சிப். ஆசிரியர் போட்ட கணக்கில் தப்பு சொல்வது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. ஒருமுறை பூந்தமல்லிப் பக்கமிருந்து வரும் மாணவர் ஒருவர்தான் ஆரம்பித்துவைத்தார்: "அடியில் சேறு மேடம், கடைசிச் சொட்டு வரைக்கும் எடுக்க முடியாது." அப்புறம் மடை திறந்தது. வெயிலில் ஆவியாவது எங்கே என்றார் ஒருவர். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 5 மில்லிமீட்டர் குறைந்தால் 50 லட்சம் லிட்டர் போச்சு என்று அவரே கணக்கும் போட்டார். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே என்றார் இன்னொருவர். வேறு எங்கிருந்தும் வராது என்று பலகையில் எழுதியிருப்பதை மற்றவர்களே அவருக்குக் காட்டினார்கள். கணக்குக்குள் எது வரும், எது வராது என்று எல்லை வகுக்கும் பாடத்தை நான் நடத்தாமலே அது நடந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஒரு பெண், "2019 கோடையில் எங்கள் தெருவில் குடத்துக்கு வரிசையில் நின்றோம். தண்ணீர் குறையக் குறைய ஊரே குறைத்துத்தான் செலவு பண்ணும். 100 கோடி என்பது எப்படி மாறாமல் இருக்கும்?" என்றாள். அந்த ஆண்டின் மிகச் சிறந்த கேள்வி அதுதான்.

இங்கேதான் நான் கொஞ்சம் கெடுபிடி செய்வேன். சொன்ன குறைகளை எல்லாம் வரிசையாக எழுதி, "ஒன்றே ஒன்றை மட்டும் மாடலில், அதாவது நிஜத்துக்குப் பதிலாக நாம் போட்ட இந்தக் கணக்கில், சேர்க்கலாம், எது?" என்பேன். விட்டால் எல்லாவற்றையும் சேர்ப்பார்கள். சாம்பாரில் வீட்டிலிருக்கும் எல்லாக் காயையும் போடுகிற மாதிரி. எதைச் சேர்த்தால் 103 அதிகமாக மாறும் என்று சண்டை போடட்டும். சண்டை முடிந்ததும் அந்தச் சீட்டுகளைப் பிரித்து வாசியுங்கள்.

உங்கள் பஸ் கணக்குக்கும் இதே வழிதான். 40 பஸ், 200 நிறுத்தம் என்று ஆரம்பிக்காதீர்கள். இரண்டு பஸ், ஐந்து நிறுத்தம், ஒரு வெள்ளைத் தாள். புள்ளிவிவரத்தை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்கட்டும். கேட்டதை மட்டும் கொடுங்கள். இன்னொன்று: வாரம் ஒருமுறையாவது, நீங்கள் தயார் செய்துவராத ஒரு பிரச்சினையை மாணவர்களைக் கொடுக்கச் சொல்லி பலகையில் போடுங்கள். மாட்டிக்கொள்வீர்கள். வியர்க்கும். அழித்து அழித்து எழுதுவீர்கள். அதைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும்.

கேள்வி: 22 வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். காய்கறியும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். தினமும் 60 பாக்கெட். எம்.பி.ஏ. படிக்கும் என் மகள் ஏதோ கணக்குப் போட்டு, 48 போதும் என்கிறாள். வீட்டில் தினமும் இதே பேச்சு. யார் சொல்வது சரி? விற்பனை நோட்டின் 30 நாள் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– மாவுக் கடைக்காரர், வில்லிவாக்கம்

அம்மா, நோட்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது. பல கம்பெனிகளில் இப்படி ஒரு பதிவேடு கிடைக்காமல் நான் அலைந்திருக்கிறேன்.

மகள் போட்டிருப்பது 'செய்தித்தாள் விற்பவர் கணக்கு' என்று எங்கள் பாடத்தில் வருவது. விற்றது போக மீந்தால் நாளைக்கு உதவாது, குறைந்தால் வந்தவர் திரும்பிப் போவார். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியபடி ஒரு பாக்கெட் விலை 40 ரூபாய், அடக்கம் 26. ஆக, ஒன்று குறைந்தால் 14 ரூபாய் லாபம் போச்சு. ஒன்று மீந்தால் 26 ரூபாய் போச்சு. 14-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 40-ஆல் வகுத்தால் 35 சதவீதம். அதாவது, 100 நாளில் 35 நாள் மாவு போதுமானதாக இருந்தால் சரி, மற்ற நாளில் தீர்ந்துபோனால் போகட்டும். 30 நாளில் 35 சதவீதம் பத்தரை, அதாவது 11-வது இடம். உங்கள் 30 நாள் விற்பனையைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 11-வது எண் 48. மகள் வகுத்ததிலோ பெருக்கியதிலோ ஒரு பிழையும் இல்லை.

ஆனால், மீந்த மாவு என்ன ஆகிறது என்று அவள் உங்களிடம் கேட்டாளா? உங்கள் கடிதத்தின் ஓரத்தில், போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: புளித்த மாவை அடுத்த தெருத் தள்ளுவண்டிக்காரர் ஊத்தப்பத்துக்கு 15 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார் என்று. அப்படியானால் மீந்தால் நஷ்டம் 26 இல்லை, 11. இப்போது 14-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும்: 56 சதவீதம். அடுக்கிய வரிசையில் 17-வது எண், 55.

இன்னும் ஒன்று. மாவு வாங்க வருகிறவர் கொத்தமல்லி, தக்காளி வாங்காமல் போகிறாரா? மாவு இல்லையென்றால் எதிர்க்கடைக்குப் போய் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். அதில் உங்களுக்கு 10 ரூபாய் லாபம் போகிறது என்று வைத்தால், குறைந்தால் நஷ்டம் 24. 24-ஐ 35-ஆல் வகுத்தால் 69 சதவீதம். வரிசையில் 21-வது எண், 59. நீங்கள் அரைப்பது 60! நானும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 22 வருடக் கைப்பழக்கத்துக்குள் இந்த வகுத்தல் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது.

இத்தோடு மகளிடம் போய்ச் சண்டையில் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். நோட்டில் 9 நாள் '60' என்று இருக்கிறது. அந்த நாட்களில் 60 பேர்தான் வந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. 60-க்கு மேல் உங்களிடம் மாவு இல்லை, அவ்வளவுதான். நோட்டு விற்பனையைச் சொல்கிறது, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. அந்த 9-இல் 7, சனியும் ஞாயிறும். சனி, ஞாயிறில் உங்கள் கடை வேறு கடை. வார நாட்களை மட்டும் தனியே எடுத்து அதே 69 சதவீதத்தைப் போட்டால் 55 வருகிறது. வார நாளில் குறைக்கச் சொல்வதில் மகள் பக்கம் நியாயம் இருக்கிறது, அவள் சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும். வார இறுதியில் 60 போதவில்லை. எவ்வளவு போதும் என்று நோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாலு சனி, ஞாயிறுக்கு, மாவு தீர்ந்த பிறகு வந்து கேட்கிறவர் ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு கோடு போடுங்கள். கோடு போடுகிற வேலையை மகளிடமே கொடுங்கள்.

கத்திரி வெயிலில் தள்ளுவண்டிக்காரர்கூட அந்த மாவை எடுக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது மீந்தால் முழு 26-ம் நஷ்டம். 24-ஐ 50-ஆல் வகுத்தால் 48 சதவீதம். மே மாதத்துக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் இப்படிக் குறைப்பதை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

கேள்வி: விடுதி மெஸ்ஸுக்குக் குறைந்த செலவில் சத்தான உணவுத் திட்டம் என்று ப்ராஜெக்ட் செய்தேன். கம்ப்யூட்டர் கொடுத்த விடை: ஒரு ஆளுக்கு தினமும் ஒன்றரை கிலோ கேழ்வரகு, கொஞ்சம் முருங்கைக்கீரை, வேறு எதுவும் இல்லை. நண்பர்கள் சிரிக்கிறார்கள். கைடிடம் காட்டவே வெட்கமாக இருக்கிறது.
– எம்.பி.ஏ. மாணவர், வடபழனி

தம்பி, நீங்கள் நல்ல கூட்டத்தில்தான் சேர்ந்திருக்கிறீர்கள். இந்தக் கணக்கை 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் போட்டார். 77 உணவுப் பொருட்கள், 9 சத்துகள். தோராய முறையில் அவருக்கு வந்த விடை ஆண்டுக்கு 39.93 டாலர். 1947-இல் சிம்ப்ளக்ஸ் முறை வந்ததும் அதைச் சரிபார்க்கக் கையால் இயக்கும் கணக்குப் பொறிகளில் 120 ஆள்-நாள் உழைத்தார்கள். சரியான விடை 39.69 டாலர்.

சிம்ப்ளக்ஸைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டான்ட்சிக், சில வருடம் கழித்து, உடம்பைக் குறைக்கத் தனக்கே ஒரு உணவுத் திட்டம் போட்டார். வயிறு நிறைந்த உணர்வு வேண்டும் என்று, உணவின் எடையிலிருந்து நீரைக் கழித்து, மிச்சத்தை அதிகமாக்கச் சொன்னார். முதல் விடையில் 500 கேலன் வினிகர் வந்தது! தகவல் பட்டியலில் வினிகரில் நீரே இல்லை என்று பதிவாகியிருந்ததுதான் காரணம். வினிகரைத் தூக்கினார். அடுத்து, நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டி என்று வந்தது. அதற்கு ஒரு உச்சவரம்பு போட்டார். அடுத்து தவிடு வந்தது, வெல்லப்பாகு வந்தது. லீனியர் புரோகிராமிங்கில் (சிம்ப்ளக்ஸ் தீர்க்கும் கணக்கு வகை) மாறிகளுக்கு, அதாவது விடை காண வேண்டிய அளவுகளுக்கு, உச்சவரம்பு வைக்கும் வழக்கமே இந்தக் கூத்தில்தான் பிறந்தது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் கேழ்வரகு விடையை முதல் பக்கத்திலேயே போடுங்கள். அடுத்த பக்கத்தில், நான் எதைச் சொல்ல மறந்தேன் என்று எழுதுங்கள். மெஸ் சமையல்காரரிடம் காட்டினீர்களா? காட்டினால், வாரத்தில் எத்தனை நாள் கேழ்வரகு வைத்தால் தட்டு அப்படியே திரும்பி வரும் என்று சரியாகச் சொல்வார். அதுதான் உங்கள் உச்சவரம்பு.

கேள்வி: நீங்கள் போட்ட மாடல் ஏதாவது தோற்றிருக்கிறதா?
– வாசகர், அம்பத்தூர்

நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள். தொழிற்சாலையில் சேர்ந்த மூன்றாம் வருடம். 6 மீட்டர் இரும்புக் கம்பிகளை வெட்டித் துண்டு போடும் பிரிவு. 1,400 மில்லிமீட்டர் துண்டு நாலு வெட்டினால் 400 மில்லிமீட்டர் மிச்சம். இதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. வேறு நீளங்களையும் கலந்து வெட்டினால் மிச்சம் பாதிக்குமேல் குறையும் என்று ஒரு மாதம் ராத்திரி உட்கார்ந்து மாடல் போட்டேன். மேலதிகாரி பாராட்டினார். எந்தக் கம்பியை எப்படி வெட்டுவது என்று அட்டவணை அச்சடித்து ஷாப் ஃப்ளோர் சுவரில் ஒட்டினோம்.

மூன்று வாரம் யாரும் அதைத் தொடவில்லை. கோபமாகப் போய் ஃபோர்மேனிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். நான் 'வீண்' என்று எழுதிய 400 மில்லிமீட்டர் துண்டுகள் அங்கே அளவு வாரியாக அடுக்கியிருந்தன. அதிலிருந்துதான் இன்னொரு பிரிவுக்கு 'பின்' எனப்படும் இணைப்பு ஆணிகளைக் கடைந்துகொண்டிருந்தார்கள். "இதை நிறுத்தினா பின்னுக்கு புதுக் கம்பி வாங்கணும்மா" என்றார். யாருக்கும் நஷ்டமே இல்லாத ஒன்றைக் குறைப்பதற்கு ஒரு மாதம் உழைத்திருக்கிறேன். அந்தக் கொட்டகை என் மேசையிலிருந்து 80 அடிகூட இருக்காது.

மறுநாள் அட்டவணையை நானே கிழித்தேன். பசை விடவில்லை, ஓரங்கள் ரொம்ப நாள் சுவரிலேயே இருந்தன.

கேள்வி: இந்த மாதிரிக் கணக்குகளுக்கு எக்செல் போதுமா, பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ள வேண்டுமா?
– மென்பொருள் நிறுவன ஊழியர், சோழிங்கநல்லூர்

ஆரம்பத்துக்கு எக்செல் தாராளம். அதோடு வரும் சால்வர், சிறந்த விடையைத் தேடித்தரும் கருவி, 200 மாறிகள் வரை தாங்கும். உங்கள் பிரச்சினை அதைத் தாண்டும் அன்றைக்கு பைத்தானைப் பார்த்துக்கொள்ளலாம். காசு கொடுக்க மனமில்லையென்றால் லிப்ரே ஆபீஸிலும் சால்வர் இருக்கிறது.

எதில் போட்டாலும் ஒரு ஒழுங்கு வேண்டும். விலை, அடக்கம் போன்ற எண்களைத் தனியாக ஒரு இடத்தில் வைத்து வண்ணம் பூசுங்கள். சூத்திரத்துக்குள் எண்ணைப் புதைக்காதீர்கள். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையை வைத்து நாடுகளின் கடன் பற்றி உலகமே விவாதித்தது. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். கணக்கு ஒத்துவரவில்லை. அவர்களிடமே எக்செல் தாளை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுத்த சூத்திரம் 49-வது வரி வரை போகாமல் 44-லேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அடுத்தவர் போட்ட தாளில் பிழை தேடுவதை நான் ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பாகவே வைத்திருந்தேன். மாணவர்கள் அதிகம் ரசித்தது அதைத்தான்.

கேள்வி: நிஜப் பிரச்சினைக்கு மாடல் போடும் இந்தப் பயிற்சிகளுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? ஒரே விடை கிடையாதே!
– பேராசிரியை, ஆவடி

பல்கலைக்கழகத் தேர்வை நம்மால் மாற்ற முடியாது, அதை விடுங்கள். உள்மதிப்பீட்டில் செய்யலாம். மாவுக் கடைக்காரருக்கு மாணவர் எழுதும் ஒரு பக்கக் கடிதத்துக்குப் பாதி மதிப்பெண். அதில் சூத்திரம் இருக்கக் கூடாது. அவர் படித்துவிட்டு நாளைக்கு எத்தனை அரைப்பது என்று முடிவெடுக்க முடிய வேண்டும். மீதிப் பாதி, எதையெல்லாம் விட்டோம், ஏன் விட்டோம் என்று எழுதுவதற்கு. சால்வர் விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

கேள்வி: இனி ஏ.ஐ. எல்லா மாடலையும் போட்டுவிடுமே, நாங்கள் எதற்குப் படிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, அண்ணா நகர்

வில்லிவாக்கம் அம்மாவின் கணக்கை நானும் அதனிடம் கேட்டுப்பார்த்தேன். விலையையும் அடக்கத்தையும் கொடுத்ததும் நொடியில் 35 சதவீதம் என்றது. ஊத்தப்பத் தள்ளுவண்டி பற்றி நான் சொன்ன பிறகுதான் அதற்குத் தெரிந்தது. எனக்கு அந்த அம்மா சொன்ன பிறகு.

கேள்வி: ப்ராஜெக்ட்டுக்கு ஏர்போர்ட்டில் வரிசை பற்றி ஆராயலாம் என்று இருக்கிறோம். அனுமதி கிடைக்கவில்லை. வேறு நல்ல இடம் சொல்லுங்களேன்.
– நான்கு மாணவர்கள், சைதாப்பேட்டை

அனுமதி கிடைத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். உங்கள் தெரு முனை இஸ்திரி வண்டி, தண்ணீர் கேன் போடுகிறவர், காலை எட்டு மணி டிபன் கடை, இவை போதும். டிபன் கடையில் ஆரம்பியுங்கள். டோக்கன் வாங்கியவர்கள் சராசரியாக 12 பேர் காத்திருக்கிறார்கள், நிமிடத்துக்கு 3 பேர் புதிதாக வருகிறார்கள் என்றால், ஒருவர் சராசரியாக 4 நிமிடம் காத்திருக்கிறார். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. வாட்ச் வைத்து நாலைந்து பேரைப் பின்தொடர்ந்து, 4 நிமிடம் உண்மையா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் இன்னும் நல்லது. யாரோ டோக்கனை வாங்கிவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பார்கள், அல்லது பார்சல் வரிசையை நீங்கள் எண்ணாமல் விட்டிருப்பீர்கள்.

கல்லாவில் இருப்பவரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். என் மாணவர் ஒருவர் சொல்லாமல் கையில் நோட்டும் வாட்சுமாக ஓரமாக நின்றிருக்கிறார். உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். நெய் மணக்க ஒரு மசால் தோசை வந்ததாம், காசு வாங்கவில்லையாம். ஆனால் அன்று முழுக்க மாஸ்டர் அவரையே பார்த்துப் பார்த்து தோசை ஊற்றியதில் வரிசை வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது. எடுத்த நேரக் கணக்கு ஒன்றும் உதவவில்லை. மறு வாரம் வேறு கடைக்குப் போனார்.